மேலதிகப் புள்ளி பற்றி இனி என்னைக் கேட்க வேண்டாம்

போன கிழமை எங்கள் லீக்கின் உபகுழுவிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலதிகப் புள்ளி விதியை மாற்றுவது குறித்து, நீண்டகாலம் நடுவராக இருந்தவன் என்ற முறையில் என் கருத்தை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒரு பக்கம்! இருபத்திரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை லண்டன் மழையில் தொலைத்தவனுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அடுத்த நாளே, புதிதாக நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர் போன் எடுத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். உங்களுக்குத்தானே அந்த விஷயம் நன்றாகத் தெரியும் என்றார்கள். தெரியும்தான். தெரிந்ததை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்.

அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் என்ன என்று இன்னமும் கேட்கும் சொந்தக்காரர்களுக்காக நாலு வரி. முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடி எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன் பிறகு அந்த அணிக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. கிட்டத்திலிருந்து பந்தை உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாக அனுப்பினால் இன்னும் ஒரு புள்ளி. உதைக்காமல் மறுபடியும் கோட்டைக் கடந்தால் இரண்டு புள்ளி. உதைக்குக் கிடைக்கும் அந்த ஒரு புள்ளியைத்தான் மேலதிகப் புள்ளி என்கிறோம். இதற்குத்தான் இரண்டு வருடமாகக் கூட்டம் போடுகிறார்கள்.

யோசனைகள் மூன்று. முதலாவது, உதைக்கும் இடத்தைப் பதினைந்து யார்ட் கோட்டுக்குப் பின்தள்ளுவது. அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டத்தில் அப்படிச் செய்துவிட்டார்கள், நாங்களும் செய்ய வேண்டுமாம். அங்கே ஏன் செய்தார்கள்? அவர்களுடைய உதைகாரர்கள் அரைத் தூக்கத்தில் உதைத்தாலும் பந்து உள்ளே போய்விடும். பார்க்க வந்த சனம் அந்த நேரம் எழுந்து தின்பதற்கு வாங்கப் போய்விடும். இங்கே நிலைமை என்ன? மைதானத்தின் ஒரு தலைப்பில் ரக்பிக் கம்பம், மறு தலைப்பில் மணல் மூட்டை வைத்துக் கட்டிய தற்காலிகக் கம்பம், நடுவில் யாரோ நாயைக் கொண்டு உலாத்துகிறார்கள். எங்கள் உதைகாரர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் "இன்றைக்கு நீ உதை" என்று சொல்லப்பட்டவர்கள். பந்து உள்ளே போனால் சொந்த அணியே திகைத்துப்போய்க் கைதட்டும். இந்த உதை மிகவும் சுலபமாக இருக்கிறது, கடினமாக்குவோம் என்று சொல்லும் ஆளை நான் என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று நாங்கள் மாத்திரை போடுவது போல இருக்கிறது.

இரண்டாவது, உதையையே ஒழித்துவிடுவது. மூன்றாவது, இருப்பதை இருக்கிறபடி விடுவது. இந்த இரண்டாவது யோசனையில்தான் நான் வருகிறேன். கம்பத்தின் கீழ் நிற்கும் நடுவர்களாலேயே பந்து உள்ளே போனதா இல்லையா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, இரண்டு வருடத்துக்கு முந்திய இறுதி ஆட்டமே அதற்குச் சாட்சி என்று லீக் இந்த வருடம் அனுப்பிய அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் கம்பத்தின் கீழ் நின்ற இருவரில் ஒருவன் நான்.

இந்த வேலைக்கு நானாக வரவில்லை. ஹவுன்ஸ்லோவில் விமானச் சரக்குக் களஞ்சியமொன்றில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே எங்கள் மேற்பார்வையாளர் பிரையன். வாரம் முழுக்கப் பெட்டிகளை எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தலைமை நடுவராக நிற்பவர். ஒருநாள் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தார்.

"சிவா, உனக்கு ஓடத் தெரியுமா?"

"தெரியும்."

"நாலு வரை எண்ணத் தெரியுமா?"

"தெரியும்."

"கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமா?"

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அதுவும் தெரியும் என்றேன். ஒரு குளிர்காலம் முழுக்க வகுப்பு. விதிப் புத்தகத்தை அகராதியோடு பக்கத்தில் வைத்துப் படித்தேன். வசந்தம் வர, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை கிடைத்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று மனைவி பவானி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போற நாளிலை வரிக்குதிரை மாதிரி உடுத்துக்கொண்டு எங்கை போறியள்?"

இருபத்திரண்டு வருடமும் அவள் அந்தக் கேள்வியை விடவில்லை.

பிரையனைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து எங்களைச் சுற்றி நிற்க வைப்பார். விசிலைக் காட்டு என்பார், காட்ட வேண்டும். மற்ற விசிலைக் காட்டு என்பார், அதையும் காட்ட வேண்டும். மஞ்சள் கொடி, பென்சில், புள்ளி எழுதும் மட்டை. பிறகு வலது கையை நீட்டச் சொல்லுவார். ஒவ்வொரு அணிக்கும் நாலு முயற்சிகள். அது எத்தனையாவது என்று மறக்காமல் இருக்க, விரலில் ஒரு றப்பர் பட்டியை மாட்டி ஒவ்வொரு முயற்சிக்கும் அடுத்த விரலுக்கு மாற்றுவோம். அந்தப் பட்டி நைந்திருந்தால் தன் சட்டைப் பையிலிருந்து புதிது எடுத்துத் தருவார். அதைத் தரும்போது அவர் பார்க்கும் பார்வையை விட ஏச்சு வாங்குவதே மேல்.

என் மூன்றாவது ஆட்டத்தில் ஓர் ஓட்டக்காரனின் கால் பக்கக் கோட்டில் பட்டதாக விசில் ஊதிவிட்டேன். பிரையன் மெதுவாக நடந்து வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முக்கியமான கேள்வி வருகிறதென்று அதற்கு அர்த்தம்.

"என்ன பார்த்தாய்?"

"கால் கோட்டில் பட்டிருக்க வேண்டும்."

"வேண்டும் என்பதை உன்னால் பார்க்க முடியாது, சிவா. என்ன பார்த்தாய்?"

நான் பார்த்தது சேறு தெறித்ததை மட்டும்தான். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு அணியிடமும் போய் விசில் தவறுதலாக ஊதப்பட்டது என்று தன் பெயரில் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான் பார்க்காத எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. அந்த இறுதி ஆட்டம் வரை.

இனி கம்பத்தின் கீழ் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். உபகுழுவில் இருக்கும் ஒருவராவது அங்கே நின்று பார்த்திருந்தால் எனக்கு இந்த எரிச்சல் வந்திராது. உதை நேரத்தில் இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு கம்பத்தின் அடியில் நிற்பார்கள். கழுத்தை மேலே நிமிர்த்தி, கம்பத்தின் உட்பக்க விளிம்பை மட்டும் பார்க்க வேண்டும். பந்து கம்பத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. தாண்டிய பிறகு காற்று அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் அதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. பந்து யார் பக்கமாக வருகிறதோ அவர் உரத்துச் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு தரம். உள்ளே போனால் யெஸ், யெஸ். வெளியே போனால் நோ, நோ. மற்றவர் அதைக் கேட்டுத் தலையசைப்பார். பிறகு இருவரும் ஒன்றாக இரண்டு அடி முன்னே வந்து, உள்ளே என்றால் இரண்டு கையையும் நேரே மேலே தூக்குவோம், வெளியே என்றால் இடுப்புக்கு முன்னால் குறுக்காக வீசுவோம். ஒருவர் கை ஒன்று சொல்ல மற்றவர் கை இன்னொன்று சொல்லக்கூடாது. பிரையன் இதில் மகா கண்டிப்பு. அந்த ஏற்பாட்டில் எந்தப் பிழையும் இல்லை. நூற்றுக்கணக்கான உதைகளை நானும் மற்றக் கம்பத்தில் நிற்கும் கொலினும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

அந்த இறுதி ஆட்டத்தில் தெற்கு லண்டன் அணிக்கு உதைத்தவன் துஷ்யந்தன். அணிக்குள் துஷி. டூட்டிங்கில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயது, மருந்துக் கடையில் மருந்தாளர். லீக் முழுக்கத் தேடினாலும் உதைக்கத் தெரிந்து உதைப்பவர்கள் நாலு பேர் தேறமாட்டார்கள். இவன் அதில் ஒருவன். மற்றவர்கள் போன பிறகும் தனியே நின்று ஒரு பை பந்துகளை உதைத்துப் பழகுவான். நான் அவனுக்குச் சொந்தமுமில்லை, தெரிந்தவனுமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் முகத்தோடு நரை தெரிந்தால் அங்கிள்தான். அன்றைக்கும் ஆட்டத்துக்கு முன் கம்பத்தடிக்கு வந்து, "அங்கிள், காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டான். நான் ஆங்கிலத்தில், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டேன். நடுவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆட்டத்தின் கடைசி நொடியில் துஷியின் அணி டச்டவுன் எடுத்தது. இரண்டு பக்கமும் இருபது புள்ளி. கடிகாரம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த ஒரு உதை மட்டும். உள்ளே போனால் கிண்ணம் அவர்களுக்கு. அந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து எதையும் வென்றதில்லை.

நான் வலது கம்பத்தில் நின்றேன். கொலின் இடது கம்பத்தில். காற்று இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டிருந்தது. பந்து நடுவே கிளம்பி, காற்றில் வளைந்து வளைந்து என் பக்கமாக வந்தது. கம்பத்தின் உட்பக்க விளிம்புக்கும் பந்துக்கும் இடையில் ஒரு சாண் வெளிச்சத்தை நான் பார்த்தேன். பட்டிருக்க வேண்டும், போயிருக்க வேண்டும் என்ற கதையே இல்லை, என் கண்ணால் பார்த்தேன். உள்ளே தாண்டிய பிறகு காற்று அதை முழுதாகத் திருப்பிக் கம்பத்துக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வேலியில் அடித்தது.

என் வாயிலிருந்து சத்தம் வந்தது. "ஓமோம்!"

ஏன் அப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டு வருடம் யெஸ் யெஸ் என்று கத்திய வாய். அந்தக் கணம் யாழ்ப்பாணத்து ஓம் வந்துவிட்டது, அதுவும் இரண்டு தரம் சேர்ந்து. போதாததற்கு, ஓம் சொன்னால் கூடவே ஆடும் தலை இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடியது. கொலின் பிறந்து வளர்ந்தது குரோய்டனில். காற்றிரைச்சலுக்குள் அவர் காதுக்கு எட்டியது நோ, நோ. கண்ணுக்குத் தெரிந்தது நான் தலையை இல்லை என்று ஆட்டியது. பந்தும் வெளியே வேலியில் கிடக்கிறது. அவர் இரண்டு அடி முன்னே வந்து கைகளைக் குறுக்காக வீசினார். அதே நேரம் நான் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிவிட்டேன்.

ஒரு பக்கம் கத்தல், மறு பக்கம் கத்தல். பிரையன் நடந்து வந்தார், ஓடவில்லை. எங்களுக்குக் கிட்ட வந்து தொப்பியைக் கழற்றினார்.

"சிவா நோ என்றார். நான் கேட்டேன்" என்றார் கொலின். அவர் பொய் சொல்லவில்லை.

"சிவா, என்ன பார்த்தாய்?"

இந்த நேரத்தில்தான் துஷி தலைக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு ஓடி வந்தான். "அங்கிள்! அங்கிள், சொல்லுங்கோ! உள்ளுக்குத்தானே போனது? அங்கிள்!"

எதிரணிப் பயிற்சியாளர் பத்து அடி தள்ளி நின்றார். முகம் சிவந்துவிட்டது. "அங்கிளா? அந்த ஆள் இவனுடைய மாமாவா? மாமாவையா கம்பத்தின் கீழ் நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

ஓர் ஆங்கிலேயனுக்கு அங்கிள் என்றால் தாயின் சகோதரன் அல்லது தகப்பனின் சகோதரன். எங்களுக்கு அது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர். அதை அங்கே நின்று விளங்கப்படுத்த ஏலுமா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்ன நாட்கள் உண்டு. உனக்கு அவர் என்ன முறை, இவர் என்ன முறை, போன தடவை வேறு மாதிரிச் சொன்னாயே என்று கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். ஒரு சொல் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு இருப்போம். அந்த மேசைக்கு முன்னால் மறுபடியும் என்னைக் கொண்டுபோய் இருத்தியது போல இருந்தது. உள்ளே போனது என்று சொன்னால், தன் ஆளுக்குப் பார்த்தான் என்பார்கள். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

"நோ" என்றேன். இந்த முறை எந்தப் பிசகும் இல்லாமல் சுத்த ஆங்கிலத்தில் வந்தது.

பிரையன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கைகளைக் குறுக்காக வீசினார். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. துஷியின் அணி தோற்றது. பலர் போனில் வீடியோ எடுத்திருந்தார்கள். எல்லாம் பக்கவாட்டில் இருந்து எடுத்தவை, எல்லாவற்றிலும் பந்து வேலியில்தான் கிடந்தது. அதனால் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கையைத் தூக்கிவிட்டுக் கொலினோடு சேர்ந்துகொண்ட தடுமாற்றக்காரன் என்றுதான் பேச்சு. பழி முழுக்க உதைத்தவன் தலையில் விழுந்தது.

நான் அந்த மாதமே விலகினேன். முழங்கால் நோவு என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். பவானியிடமும் அதையே சொன்னேன்.

பிறகு இந்த வருடம் உதையையே ஒழிக்கலாம் என்ற அறிக்கையும், விவாதத்துக்கு வரும்படி அழைப்பும் வந்தன. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பவானி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னப்பா, அதுக்குள்ளை என்ன பாம்போ கிடக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்தாள்.

"அப்ப முழங்கால்?"

"முழங்காலுக்கு ஒண்டுமில்லை."

"இரண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் என்னைக் கொண்டு எண்ணெய் பூசுவிச்சனீங்கள்! எனக்குத்தான் இப்ப கை உளையுது!" எழும்பிக் குசினிக்குள் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசலில் நின்றாள். "அந்தப் பெடியனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அவன் கூட்டத்துக்கு வாறானோ தெரியாது."

"அவன் வந்தாலும் வராட்டிலும் நீங்கள் போறியள்."

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், விளையாட்டுக் கழகமொன்றின் மேல்மாடி அறையில். முப்பது பேர் வரை இருந்தோம். பிரையனும் கொலினும் முன்வரிசையில். இரண்டு மணி நேரம் நடந்த விவாதத்தை நான் முழுக்கச் சொல்லப் போவதில்லை, எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. ஒருவர் அமெரிக்கத் தொழில்முறை உதைகாரர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருடைய அணிக்கு உதைகாரனே கிடையாது. இன்னொருவர், பதினைந்து யார்டிலிருந்து உதைத்தால் பந்து பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்குள் போகும், அங்குள்ள கிழவர்கள் திருப்பித் தரமாட்டார்கள் என்றார். அன்றைய விவாதத்தில் அது ஒன்றுதான் புத்தியுள்ள பேச்சு.

பிறகு துஷி எழுந்தான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். தன் கழகத்தின் சார்பில் பேசுவதாகச் சொன்னான். உதையைக் காப்பாற்றப் பேசுவான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"உதையை எடுத்துவிடுங்கள்" என்றான். "அத்தனை பேர் சேர்ந்து ஆடிய ஆட்டத்தைக் கடைசியில் ஒரு ஆளின் காலில் கொண்டுபோய்த் தொங்க விடுகிறோம். நான் அதற்குப் பிறகு ஒரு பந்தைக்கூட உதைக்கவில்லை. இன்னொருவன் என்னுடைய இடத்தில் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அவ்வளவுதான்."

அவன் உட்கார்ந்தான். நான் எழுந்தேன்.

"அந்த உதை உள்ளே போனது. நான் பார்த்தேன்" என்றேன்.

கொலின் திரும்பினார். "நீ நோ என்றாய், சிவா. இரண்டு தரம். இப்போதும் என் காதில் இருக்கிறது."

"ஓமோம் என்றேன். எங்கள் பாஷையில் யெஸ், யெஸ்."

"சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன், தலையாட்டலோடு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் ஒருவர், ஓமோம், நோநோ, ஓமோம், நோநோ என்று மெல்லச் சொல்லிப் பார்த்து, உண்மைதான், கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார். பலர் தலையசைத்தார்கள். மொழிக் குழப்பம், பாவம், யாருடைய பிழையுமில்லை என்று கூட்டத்தை நடத்திய குழுத் தலைவி சொன்னார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் என் தோளில் தட்டியிருப்பார்கள்.

பிரையன் தொப்பி இல்லாமல் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல் தரம் ஓமோம். சரி. நான் வந்து கேட்டேனே, சிவா. அப்போது எந்த மொழியில் சொன்னாய்?"

"ஆங்கிலத்தில்."

"என்ன சொன்னாய்?"

"நோ என்றேன். பொய் சொன்னேன். அவன் என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். அவனுக்கு நான் சொந்தமில்லை, எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சொந்தக்காரனுக்குப் பார்த்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன். ஆகவே கம்பத்தின் கீழ் நிற்பவனால் சரியாகப் பார்க்க முடியாது என்று தயவுசெய்து அறிக்கையில் எழுத வேண்டாம். நன்றாகப் பார்க்க முடியும். நான் பார்த்தேன்."

பிரையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னோடு வேறு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. எனக்கு அது வலிக்கிறது, ஆனால் அவர் வேறு எப்படி இருப்பார்?

கூட்டத்தின் முடிவு என்னவென்று கேட்கிறீர்களா? பழைய ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாதாம், விதி இடம் கொடுக்காதாம். மூன்று யோசனைகளையும் ஆராய ஓர் உபகுழு. அதோடு, இனிமேல் கம்பத்தின் கீழ் யாரும் வாய் திறக்கக்கூடாது, கட்டைவிரலால் மட்டும் காட்ட வேண்டும் என்று ஒரு சிபாரிசு. ஒரு மனுசன் பயத்தில் பொய் சொன்னான் என்று முப்பது பேர் முன்னால் ஒப்புக்கொண்டால், அதற்கு இவர்கள் கண்டுபிடித்த மருந்து கட்டைவிரல். என்னிடம் கருத்துக் கேட்பவர்களுக்கு இதோ கருத்து: உதையை இருக்கிற இடத்தில் விடுங்கள். உதையில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறு என்னில்தான் இருந்தது.

கீழே கார்ப் பார்க்கில் துஷி எனக்காக நின்றான். ஏசுவான் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினான்.

"அன்றைக்கு அப்பா வந்திருந்தார். வேலிக்கு அங்கால், கம்பத்துக்கு நேர் பின்னால் நின்றாராம். வீட்டுக்குப் போனதும், உள்ளேதான் போனது என்று சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கத்திவிட்டேன். உங்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும், கீழே நின்ற அங்கிளுக்குத் தெரியாததா என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் சரியாகக் கதைப்பதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்."

அவன் போனை எடுத்து அழுத்தினான்.

"அப்பா. அந்த ஃபைனல்... பந்து உள்ளுக்குத்தான் போனதாம். நீங்கள் சொன்னது சரி." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். "ஓம். அந்த ஜட்ஜ் அங்கிள்தான் சொன்னவர். பக்கத்திலை நிக்கிறார்." போனை என்னிடம் நீட்டினான். "உங்களோட கதைக்கவேணுமாம்."

வாங்கினேன். மறுமுனையில் என் வயதுக் குரல்.

"அண்ணை, நீங்கள் எவ்விடம்?"

ஊரைச் சொன்னேன். அவர் தன்னுடைய ஊரைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நாலு மைல்தான். பிறகு நான், மன்னிக்க வேணும், அந்தக் கோச் கத்தினதிலை பயந்துபோனன் என்று தொடங்கினேன். அவர் இடையில் மறித்தார்.

"விளங்குது. எனக்கு அண்டைக்கே விளங்கினது, நீங்கள் திரும்பேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான். நாங்கள் எல்லாரும் இஞ்சை பயந்து பயந்துதானே இருந்தனாங்கள். நானும் அப்பிடித்தான். ஆனா இவன் இஞ்சை பிறந்த பிள்ளை, அண்ணை. ஒருத்தருக்கும் பயமில்லாமல் வளரோணும் எண்டுதான் வளத்தனான். உங்கடை பயத்தை அவன்ரை தலையிலை ஏன் வைச்சனீங்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் காத்திருந்தார். போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.